பழுதான பழைய கார் வழக்கு: கோளாறு எந்த நாளில் இருந்தது என்பதே கேள்வி

பழைய கார் வழக்கில் காரில் பழுது இருப்பதை எதிர்த்தரப்பு பெரும்பாலும் மறுப்பதே இல்லை. “எட்டு வருஷம் ஓடின வண்டி, பழுது வராமலா இருக்கும்? ஓட்டிப் பார்த்துத்தானே எடுத்தார்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அந்த இரண்டு வரிக்குப் பதில் இல்லாமல்தான் நியாயமான வழக்குகள் பல தோற்கின்றன. இன்ஜின் மாற்ற ஒன்றரை லட்சம் செலவானதற்கு பில் இருக்கும், கார் நடுரோட்டில் நின்ற போட்டோ இருக்கும். ஆனால் அவை எல்லாம் இன்றைய நிலைமையைத்தான் சொல்லும். நீதிமன்றம் தெரிந்துகொள்ள விரும்புவது பணம் கைமாறிய நாளின் நிலைமையை.

நிரூபிக்க வேண்டியவை மூன்று. விற்ற நாளிலேயே கோளாறு இருந்தது. விற்றவர் அதற்கு மாறாகச் சொன்னார், அல்லது தெரிந்தே மறைத்தார். சாதாரணமாகப் பார்த்து வாங்கும் ஒருவருக்கு அது கண்ணில் பட்டிருக்காது. மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16-இன்படி, அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கும்போது பொருள் தரமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எழுதாமலே ஒப்பந்தத்தில் அடங்கும். ஆனால் வாங்குபவர் பொருளைச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கதவில் இருந்த பள்ளத்துக்கு வழக்கு நிற்காது. தரைவிரிப்புக்கு அடியில் இருந்த வண்டல் மண்ணுக்கு நிற்கும்.

எங்கே போவது

விற்றவர் கார் கன்சல்டிங் வைத்திருப்பவர், டீலர் அல்லது ஆன்லைன் நிறுவனம் என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் எளிய வழி. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புதிய பொருள், பழைய பொருள் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. காருக்கு நீங்கள் கொடுத்த விலை ரூ.50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே போதும். ரூ.5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை ரூ.200, 20 லட்சம் வரை ரூ.400. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். “குருகிராம் நீதிமன்றத்துக்கே அதிகாரம்” என்று ஒப்பந்தத்தில் அச்சடித்திருந்தாலும் இந்த உரிமை போகாது. நடுவர் தீர்ப்புக்குத்தான் (ஆர்பிட்ரேஷன்) போக வேண்டும் என்ற ஷரத்தும் நுகர்வோர் ஆணையத்தைத் தடுக்காது என்பதை எமார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. கால வரம்பு இரண்டு ஆண்டுகள்.

தன் சொந்தக் காரை விற்ற தனிநபர் மீது என்றால் பாதை வேறு. அவர் வணிகர் அல்ல என்பதால் ஆணையத்தில் முறையீடு நிற்பது கடினம். உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே கால வரம்பு மூன்று ஆண்டுகள். மோசடி மறைக்கப்பட்டிருந்தால் அது தெரியவந்த நாளிலிருந்து கணக்கு தொடங்கும். தமிழ்நாட்டில் கோர்ட் பீஸ் கோரும் தொகையில் 3 சதவீதம். பிரிவு 16 தரும் தரப் பாதுகாப்பு தனிநபர் விற்பனைக்கு இல்லாததால், அங்கே வழக்கு முழுவதும் அவர் என்ன சொன்னார் என்பதிலேயே நிற்கும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வெறுமனே வாய் திறக்காமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. பொய் சொல்வதும், திட்டமிட்டு மறைப்பதும் மோசடி. ஆகவே வாங்கும் முன் “வெள்ளத்தில் மாட்டிய வண்டியா?” என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் கேட்டு அவர் “இல்ல சார்” என்று பதில் போட்டிருந்தால், அந்த ஒரு வரி பத்து மெக்கானிக் சான்றுகளைவிட மதிப்புள்ளது. பழைய உரையாடல்களை இன்றே தேடி எடுத்து வையுங்கள்.

முறையீட்டை எழுதும் விதத்திலும் கவனம் வேண்டும். கோபத்தில் “போலி ஆவணம், கூட்டுச் சதி, கிரிமினல் மோசடி” என்று அடுக்கினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் 2023-ஆம் ஆண்டின் சிட்டி யூனியன் வங்கி வழக்குத் தீர்ப்பை எடுத்துக் காட்டுவார். மோசடி போன்ற, சிக்கலான பிரச்சினைகளைச் சுருக்க விசாரணை நடத்தும் நுகர்வோர் ஆணையம் தீர்மானிக்க முடியாது என்கிறது அந்தத் தீர்ப்பு. கார் குறையுள்ளது, சொன்ன கிலோமீட்டர் தவறு, அதற்கு இன்ன ஆவணம் சாட்சி என்று ஆவணத்தோடு ஒட்டியே எழுதுங்கள்.

காரை உறைய வைத்தல்

வழக்கைக் கெடுக்கும் முதல் தவறு, முதலில் ரிப்பேர் செய்துவிட்டுப் பிறகு வக்கீலைப் பார்ப்பது. இன்ஜினைப் பிரித்துக் கழுவிப் பூட்டியபின் எந்த நிபுணரும் எதையும் சொல்ல முடியாது. பழைய பாகங்களைக் கடைக்காரர் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டிருப்பார். அப்புறம் மிஞ்சுவது பில் ஒன்றுதான்.

கோளாறு தெரிந்த நாளிலேயே ஓடோமீட்டரைப் படம் எடுங்கள். சாவி போட்டதும் எந்தெந்த எச்சரிக்கை விளக்குகள் எரிகின்றன, இன்ஜின் ஓடும்போது எவை அணைகின்றன என்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். அதன்பின் ஓட்டாதீர்கள். இதற்குச் சட்டக் காரணமும் உண்டு: குறை தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் ஓட்டினால் காரை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படுவீர்கள், காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கும் உரிமை பலவீனமாகி, நஷ்ட ஈடு மட்டுமே மிஞ்சும்.

பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் ஓபிடி ஸ்கேன், அதாவது காரின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் சோதனை, செய்துவிட வேண்டும். பல கார்களில் பேட்டரி வயரைப் பிடுங்கினாலே சேமிக்கப்பட்ட கோளாறுக் குறியீடுகள் அழிந்துவிடும். ஸ்கேனரில் எல்லாரும் பார்ப்பது குறியீடுகளை மட்டும்தான். “குறியீடுகள் அழிக்கப்பட்டபின் ஓடிய தூரம்” என்று இன்னொரு அளவும் பல கார்களில் கிடைக்கும். அதையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாங்கி 640 கி.மீ. ஓட்டியிருக்கிறீர்கள், அந்த அளவு 655 என்று காட்டுகிறது என்றால், காரை உங்களிடம் கொடுப்பதற்குச் சற்று முன்புதான் யாரோ எச்சரிக்கை விளக்கை அணைத்திருக்கிறார்கள். இன்றைய ஸ்கேன் ஒன்றே விற்பனை நாளைப் பற்றிப் பேசும் அரிய சான்று அது.

காரைப் பாகம் பாகமாகப் பிரிக்கும் முன் எதிர்த்தரப்புக்கு ஏழு நாளாவது அவகாசம் கொடுத்து, இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் சோதனை நடக்கிறது, நேரில் வரலாம் என்று எழுத்தில் தெரிவியுங்கள். வந்தால் நல்லது. வராவிட்டால் “எங்களுக்குத் தெரியாமல் பிரித்துவிட்டார்கள்” என்று பிறகு சொல்ல வாயிருக்காது.

நிபுணர் அறிக்கை

தெரு முனை மெக்கானிக் எழுதித் தரும் “இன்ஜின் டேமேஜ், போர் வேலை செய்ய வேண்டும்” என்ற துண்டுச் சீட்டு உதவாது. எதனால், எப்போதிலிருந்து என்ற இரண்டும் அதில் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணைய உரிமம் பெற்ற வாகன சர்வேயர், ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர், ஆட்டோமொபைல் பொறியியல் துறை உள்ள கல்லூரியின் பேராசிரியர் ஆகியோர் சொல்வதற்கு எடை அதிகம். தேவைப்பட்டால் சாட்சி சொல்ல வருவீர்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிக்கையில் பதிவெண், சேசிஸ் எண், இன்ஜின் எண், ஓடோமீட்டர் அளவு, தேதி, இடம், உடனிருந்தவர்கள், பயன்படுத்திய கருவிகள் இருக்க வேண்டும். அளவுகள் எண்களாக இருக்க வேண்டும். சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை என்றால் இன்ஜின் சூடான நிலையில், எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்து எடுத்த அளவு ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக வேண்டும். ஒன்று 172, இரண்டு 170, மூன்று 174, நான்கு 118 பிஎஸ்ஐ என்று இருந்தால் எந்த நீதிபதிக்கும் கோளாறு எங்கே என்று புரியும். நான்காம் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்ததும் அளவு ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் தேய்மானம் நிதானமாக வருவது. ஆகவே நிபுணர் எழுத வேண்டிய வாக்கியம்: “இந்த அளவு தேய்மானம், வாங்கிய பின் ஓடியதாகக் காணப்படும் 640 கி.மீ. ஓட்டத்தில் ஏற்படக்கூடியது அல்ல, காரணம் இது.” இந்த வாக்கியம் இல்லாத அறிக்கைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மறைத்ததற்கான தடயங்களும் காருக்குள்ளேயே இருக்கும். புகையை அடக்க ஆயிலில் கலந்த கெட்டியான திரவம், ரேடியேட்டர் ஒழுகலை அடைக்க ஊற்றிய தூள், கழற்றப்பட்ட எச்சரிக்கை பல்பு ஆகியவை தற்செயலாக வருவதில்லை. ஆயிலை வடிக்கும்போது சுத்தமான பாட்டிலில் 200 மி.லி. எடுத்து, மூடி மேல் தாள் ஒட்டி, உடனிருந்தவர்கள் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.

எதிர்த்தரப்பு உங்கள் நிபுணரை “காசுக்கு எழுதியவர்” என்று சொல்லும் வாய்ப்பு அதிகம். அதற்கு மாற்று, நீதிமன்றமே நியமிக்கும் சோதனை. ஆணையத்தில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 38(2)(சி)-இன் கீழ் ஆய்வுக்கு அனுப்பக் கோரலாம். கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டும். உரிமையியல் நீதிமன்றத்தில், நீதிமன்றத்தின் சார்பில் நேரில் பார்த்து அறிக்கை தரும் வழக்கறிஞர் ஆணையரையும் அவருக்குத் துணையாகப் பொறியாளரையும் நியமிக்க மனுப் போடலாம். இந்த மனுவை முதல் வாய்தாவிலேயே போடுங்கள். ஒரு வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற காரைச் சோதித்து என்ன பயன்?

ஓடோமீட்டரும் வெள்ளமும்

கிலோமீட்டர் குறைப்பு, இந்த வகை வழக்குகளிலேயே நிரூபிக்க எளிதானது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டு ஒவ்வொன்றிலும் தேதியும் ஓடிய தூரமும் பதிவாகியிருக்கும். 2021-ல் 78,000 கி.மீ. என்று பதிவான கார் 2024-ல் 52,000 கி.மீ. என்று விற்கப்பட்டிருந்தால் வேறு விளக்கமே தேவையில்லை. முந்தைய உரிமையாளரின் விவரம் என்று சொல்லி சர்வீஸ் சென்டர் தர மறுத்தால், ஆவணத்தை வரவழைக்க மனுப் போடுங்கள். ஆணையத்துக்கும் அந்த அதிகாரம் உண்டு. காப்பீட்டு நிறுவனத்தின் பழைய இழப்பீட்டுக் கோப்பையும் இதே வழியில் வரவழைக்கலாம். மீட்டர் பேனலில் எண்ணை மாற்றுபவர்கள் காரின் பிற மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைத் தொடாமல் விடுவதுண்டு; சில மாடல்களில் இன்ஜின் அல்லது ஏபிஎஸ் (பிரேக்) பெட்டியில் உண்மையான தூரம் அப்படியே இருக்கும். அதைப் படிக்க அந்தந்தக் கம்பெனியின் ஸ்கேனர் வேண்டும்.

வெள்ளக் கார் கடினமானது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சென்னையில் மூழ்கிய கார்கள் ஏராளம். கழுவி, சீட் துணி மாற்றி, வெளியூர்ச் சந்தைக்கு வரும் காரைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் அடிப்பகுதியில் தெரியும் கறைக்கோடு, சீட் தண்டவாளத்தின் துரு, தரைவிரிப்புக்கு அடியிலான வண்டல், வயரிங் கனெக்டர்களின் பச்சைக் களிம்பு, ஸ்டெப்னிக் குழியில் நிற்கும் மண் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் படம் எடுக்க வேண்டும். ஒரு படம் அருகிலிருந்து, இன்னொன்று அது காரில் எந்த இடம் என்று தெரியும்படி தள்ளி நின்று. நீங்கள் வாங்கிய பின் உங்கள் பகுதியில் வெள்ளம் வரவில்லை என்பதையும் பிரமாண வாக்குமூலத்தில் சொல்லிவிடுங்கள்.

“நான் வெறும் புரோக்கர்”

தமிழ்நாட்டில் இந்த வழக்குகளின் பெரிய ஓட்டை இதுதான். பழைய உரிமையாளரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிய வெற்று ஃபாரம் 29, 30 (உரிமை மாற்றப் படிவங்கள்) கன்சல்டிங்காரரிடம் இருக்கும். ஆர்.சி. நேராகப் பழைய உரிமையாளரிடமிருந்து உங்கள் பெயருக்கு மாறும். நடுவில் பணம் வாங்கி, லாபம் பார்த்து, வாய் நிறைய உறுதி கொடுத்தவரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. கோர்ட்டில் “அறிமுகம் செய்து வைத்தேன், அவ்வளவுதான்” என்பார்.

அவரை விற்பனையோடு கட்டிப்போடும் ஆவணங்களைத் தேடுங்கள்: அவர் கணக்குக்குப் போன யுபிஐ அல்லது வங்கிப் பணம், அவர் கடைப் பெயரில் வந்த விளம்பரம், லெட்டர்பேடில் எழுதிய டெலிவரி நோட், விலையைப் பேரம் பேசிய குறுஞ்செய்தி. ஜிஎஸ்டி பில் இருந்தால் அந்த வாதம் ஏறக்குறைய விழுந்துவிடும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகள் 55ஏ முதல் 55எச் வரையிலானவற்றின்படி, பழைய வாகன டீலர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும்; உரிமையாளர் வாகனத்தை டீலரிடம் ஒப்படைத்ததை ஃபாரம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும்; டீலர் தன் கையில் இருக்கும் வாகனம் ஓடிய தூரத்துக்கு மின்னணுப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டையும் 29சி-யையும் தாக்கல் செய்யும்படி மனுப் போடுங்கள். காட்டினால் உங்களுக்கு ஆதாரம், காட்டாவிட்டால் விதியை மீறியவர் என்று வாதிட இடம். பாதுகாப்புக்காகப் பழைய உரிமையாளரையும் எதிர்த்தரப்பில் சேர்ப்பது நல்லது. அவர் பல நேரம் உங்களுக்குச் சாதகமான உண்மையைச் சொல்லிவிடுவார், ஏனென்றால் உண்மையான கிலோமீட்டரை மறைப்பதில் அவருக்கு லாபம் இருந்திருக்காது.

ரொக்கமாகக் கொடுத்திருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கியவர் மீதுதான் வருமான வரிச் சட்டத்தின் அபராதம் பாயும். அதே நாளில் வங்கியிலிருந்து எடுத்ததற்கான பாஸ்புக் பதிவு கூடுதல் பலம்.

செல்போனில் இருப்பதை ஆவணமாக்குதல்

வாட்ஸ்அப் உரையாடலின் பிரிண்ட் மட்டும் கொடுத்தால், உரிமையியல் நீதிமன்றத்தில் எதிர்ப்பு எழும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம், பிரிவு 63-இன்கீழ் சான்றிதழ் வேண்டும். அதன் அட்டவணையில் உள்ள படிவத்துக்கு இரண்டு பகுதிகள்: ஒன்று சாதனத்தை வைத்திருப்பவர் கையெழுத்திடுவது, மற்றது நிபுணர் கையெழுத்திடுவது. கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் கணினிக் குறியீட்டையும், எழுத வேண்டும். முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். சாதகமான ஐந்து வரியை மட்டும் வெட்டி எடுத்தால் மீதியை எதிர்த்தரப்பு காட்டும். குரல் பதிவுகளை எழுத்தாக்கி, தேதி நேரத்தோடு இணையுங்கள். வழக்கு முடியும்வரை அந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள்.

நோட்டீஸ் முதல் வாய்தா வரை

வக்கீல் நோட்டீஸை ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும். நோட்டீஸில் சொன்ன கதையும் முறையீட்டில் சொல்லும் கதையும் தேதிக்குத் தேதி ஒன்றாக இருக்க வேண்டும். நோட்டீஸில் “கிளட்ச் கோளாறு” என்றும் முறையீட்டில் “இன்ஜின் கோளாறு” என்றும் எழுதி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. அதனால் ஸ்கேன் அறிக்கையாவது கைக்கு வந்த பிறகு நோட்டீஸ் அனுப்புவதே மேல்.

ஆவணக் கட்டைத் தேதி வரிசையில் அடுக்கி, எல்லாப் பக்கத்துக்கும் தொடர் எண் போடுங்கள். தமிழ்நாட்டு வழக்கப்படி உங்கள் ஆவணங்கள் ஏ-1, ஏ-2 என்றும், எதிர்த்தரப்பு ஆவணங்கள் பி-1 என்றும், ஆணையரின் அறிக்கை போன்றவை சி-1 என்றும் குறியிடப்படும். மேலே ஒரே பக்கத்தில் காலவரிசை: விளம்பரம் வந்த நாள், ஓட்டிப் பார்த்த நாள், பணம் கொடுத்த நாள், முதல் கோளாறு, ஒவ்வொரு நாளும் ஓடோமீட்டர் எவ்வளவு. அந்தப் பக்கத்தைத்தான் நீதிபதி திரும்பத் திரும்பப் புரட்டுவார்.

ஆணையத்தில் வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். எதிர்த்தரப்பு நோட்டீஸ் பெற்ற 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், ஆணையம் இன்னும் 15 நாள் நீட்டிக்கலாம். 45 நாளுக்கு மேல் நீட்டிக்க அதிகாரமே இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. அவர்களுக்கு நோட்டீஸ் கிடைத்த தேதியைக் குறித்து வைத்து, 46-ஆம் நாள் கடந்தும் பதில் வராவிட்டால் எழுத்துபூர்வமாகச் சுட்டிக்காட்டுங்கள்.

உரிமையியல் நீதிமன்றத்தில் கூண்டில் ஏறி குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஓட்டிப் பார்த்தீர்களா, மெக்கானிக்கை அழைத்துப் போனீர்களா, வாங்கிய பின் வேறு எங்கே சர்வீஸ் செய்தீர்கள், மொத்தம் எவ்வளவு ஓட்டினீர்கள் என்ற கேள்விகள் கட்டாயம் வரும். “ஆம், மெக்கானிக் பார்த்தார். வெளியில் தெரிந்ததைப் பார்த்தார், இன்ஜினைப் பிரித்துப் பார்க்கவில்லை” என்பது நேர்மையான, பலமான பதில். பார்க்கவே இல்லை என்று பொய் சொல்லி, அந்த மெக்கானிக்கின் போட்டோவை எதிர்த்தரப்பு நீட்டினால் வழக்கு அங்கேயே சரிந்துவிடும்.

கோரிக்கைப் பத்தியை அவசரமாக எழுதாதீர்கள். முதன்மைக் கோரிக்கையாகக் காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு விலையை வட்டியோடு தரும்படியும், அது மறுக்கப்பட்டால் மாற்றாக ரிப்பேர் செலவையும் மதிப்புக் குறைவையும் தரும்படியும் இரண்டையும் எழுதுங்கள். இழுவை வண்டி வாடகை, சோதனைக் கட்டணம், கார் நின்ற காலத்துக் காப்பீடு என ஒவ்வொன்றுக்கும் ரசீதோடு தனித் தொகை கேளுங்கள். “மன உளைச்சலுக்கு 10 லட்சம்” என்று ஆதாரமில்லாமல் கேட்பது மற்றக் கணக்குகளின் மேலும் சந்தேகத்தை வரவைக்கும்.

பலரும் கோரிக்கையில் விட்டுவிடும் ஒன்று உண்டு: உத்தரவு வந்த இத்தனை நாளுக்குள் எதிர்த்தரப்பு காரை எடுத்துச் சென்று, ஆர்.சி.யைத் தங்கள் பெயருக்கோ தாங்கள் காட்டும் நபரின் பெயருக்கோ மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற வரி. விபத்து நடந்தால் பதிவில் பெயர் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணம் திரும்பி வந்து, கார் போய், ஆர்.சி. மட்டும் உங்கள் பெயரில் நின்றுவிட்டால், அதை வேறு யாரோ ஓட்டி ஏற்படுத்தும் விபத்துக்கும் சம்மன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.